மேடையில் பாஞ்சோ: மைக்கா, பிக்கப்பா?

பாஞ்சோவை முதல்முறை மேடைக்குக் கொண்டுபோகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, “எந்த மைக் வாங்கலாம்?” ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிம்மதி, சொன்னவருக்கு வேலை முடிந்தது. ஆனால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் சின்ன அறையில் அருமையாக ஒலித்த மைக், டிரம்ஸ் இருக்கும் மேடையில் அரை நிமிடத்தில் கூவ ஆரம்பித்துவிடும். அந்த மேடையில் கைகொடுத்த பிக்கப்பை (கருவியிலேயே பொருத்தி அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சாமான்) இந்த அறைக்குக் கொண்டுவந்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். இரண்டுமே நல்ல சாமான்தான். மேடை மாறினால் பதிலும் மாறும். ஆகவே பணத்தை எடுக்குமுன் மேடையைப் பார்த்துவிடலாம்.

முதல் படி: யாருடன், எங்கே வாசிக்கிறீர்கள்?

ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட டிரம்ஸ் உண்டா? எலக்ட்ரிக் கிட்டார் உண்டா? ஓரிடத்தில் நின்றே வாசிப்பீர்களா, நடமாடுவீர்களா? பாடவும் செய்வீர்களா? எல்லா ஒலிகளையும் கலந்து அளவு பார்க்கும் மிக்ஸரில் உட்கார ஒருவர் இருக்கிறாரா, அல்லது நீங்களே சொருகி நீங்களே திருகி நீங்களே வாசிக்க வேண்டுமா? உங்களுக்குக் கேட்பதற்குத் தரையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பார்களா, காதில் மாட்டும் மானிட்டரா?

கருவியைப் பற்றியும் இரண்டு விவரம் வேண்டும். பின்பக்கம் ரெசனேட்டர் மூடி உள்ள பாஞ்சோவா, திறந்த பாஞ்சோவா? போட்டிருப்பது எஃகுத் தந்தியா, நைலான் வகைத் தந்தியா? இந்த இரண்டாவது விவரத்தைக் கவனிக்காமல் காந்த பிக்கப் வாங்கி, சத்தமே வரவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு.

பதில்கள் கையில் இருந்தால் முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். டிரம்ஸ் இல்லை, ஓரிடத்தில் நிற்பீர்கள் என்றால் ஸ்டாண்டில் ஒரு மைக் போதும். டிரம்ஸ் இல்லை, ஆனால் நடமாடுவீர்கள் என்றால் கருவியில் கவ்விக்கொள்ளும் கிளிப் மைக். சத்தமான குழு என்றால் பிக்கப். தினம் ஒரு மேடை, தினம் ஒரு சவுண்ட்காரர் என்றாலும் பிக்கப்பையே சொல்வேன். அதன் ஒலி மைக்கைவிடச் சற்று மட்டம்தான் என்றாலும், நேற்று எப்படிக் கேட்டதோ அப்படியே இன்றும் கேட்கும்.

இரண்டாம் படி: பாஞ்சோ ஏன் இப்படிக் கூவுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாஞ்சோவின் முகம் சுமார் 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டிய தோல். இப்போது பெரும்பாலும் அது மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான்; பழக்கத்தில் தோல் என்றே சொல்வோம். தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கித் தோல்மேல் நிற்கும் பிரிட்ஜ் வழியாக அந்தத் தோலை ஆட்டுகிறது, தோல் காற்றை ஆட்டுகிறது. இது எதிர்த்திசையிலும் நடக்கும். மானிட்டரிலிருந்து வரும் சத்தம் தோலில் மோதினால் தோல் தானே அதிரும். மைக்கின் உள்ளே இருக்கும் சவ்வு செய்கிற வேலையும் இதுதான். ஆக, நீங்கள் மைக் வைக்குமுன்பே மேடையில் 28 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மைக் சவ்வு நின்றுகொண்டிருக்கிறது.

தோல் வாங்கிய சத்தத்தை மைக் எடுக்கும், ஸ்பீக்கர் அதைப் பெரிதாக்கித் திரும்பவும் தோலுக்கே அனுப்பும். இந்தச் சுற்றுதான் ஃபீட்பேக். தோலில் ஒட்டும் பிக்கப்பும் இதே சுற்றுக்குள்தான் இருக்கிறது. “பிக்கப் போட்டால் கூவாது” என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

இன்னொரு விவரமும் பின்னால் உதவும். ஐந்து தந்தி பாஞ்சோவை வழக்கமான ஜி சுருதியில் வைத்தால், மிகக் கீழான சுரம் நான்காம் தந்தியின் டி, சுமார் 147 ஹெர்ட்ஸ். மேலே முதல் தந்தியின் 22ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) சுமார் 1046 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பதெல்லாம் மேற்சுரங்களும் விரல் பிக்குகளின் சொடுக்கும். பாஞ்சோவைப் பாஞ்சோவாகக் காட்டுவதும் அவைதான், காதைக் குத்துவதும் அவைதான். 147க்குக் கீழே சுரம் எதுவும் கிடையாது. அங்கிருந்து வருவது கால் தட்டும் ஓசை, பக்கத்து பேஸ் கிட்டார், மேடைப் பலகையின் அதிர்வு, கை தோலில் படும் ‘தொப்’.

மூன்றாம் படி: ஸ்டாண்டில் ஒரு மைக்

புதிதாக வருகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது. காரணம், மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் ஒலி மாறுவதைக் காதால் கேட்கலாம். அந்தக் காது பிறகு எந்தச் சாமான் வாங்கினாலும் பயன்படும்.

டைனமிக் வகையில் ஷூர் எஸ்எம்57 எங்கே போனாலும் கிடைக்கும். 1965இல் வந்த மைக், இன்னும் ஓய்வு பெறவில்லை. கீழே விழுந்தாலும் தாங்கும், தனியாக மின்சாரம் வேண்டாம். ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது ஒலியைச் சற்றுத் தூக்கிக் காட்டும். பாஞ்சோவுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே கூர்மை அதிகம். அதனால் மைக்கின் முகத்தை நேராகப் பிரிட்ஜைப் பார்த்து வைக்காமல் சாய்த்து வையுங்கள்.

கண்டென்சர் வகையில் சின்னச் சவ்வு உள்ள பென்சில் வடிவ மைக்குகள் பாஞ்சோவுக்குப் பொருத்தமானவை. ஷூர் எஸ்எம்81, நாய்மன் கேஎம்184 போன்றவை. பிக் தந்தியைத் தொடும் அந்தக் கணத்தை டைனமிக் மைக்கைவிடத் தெளிவாகப் பிடிக்கும். மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். “கண்டென்சர் என்றாலே ஃபீட்பேக்” என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தூரம்தான்: கண்டென்சரை எட்ட வைத்து வாசிப்பார்கள், அப்புறம் சத்தத்தை ஏற்றுவார்கள்.

எங்கே வைப்பது? உபகரணத்தைத் தொடுமுன் இதைச் செய்து பாருங்கள். நண்பர் ஒருவரை உங்கள் பாஞ்சோவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் காதைத் தோலுக்கு முன்னால் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். பிரிட்ஜுக்கு எதிரே வந்தால் பிக் சொடுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும், ஒலி வெளிச்சமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் சலிக்கும். கழுத்து தோலோடு சேரும் இடத்துக்குப் போனால் ஒலி உருண்டையாகும், சொடுக்கு மங்கும். பிரிட்ஜுக்குக் கீழே, தரையைப் பார்த்த விளிம்புப் பக்கம் வந்தால் வறண்ட, இறுக்கமான ஒலி. காதுக்குப் பிடித்த இடம்தான் மைக்கின் இடம்.

காது குழம்பினால், பிரிட்ஜுக்கும் தரைப்பக்க விளிம்புக்கும் நடுப்பகுதியைக் குறிவைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், கொஞ்சம் சாய்வாகத் தொடங்குங்கள். வலது மணிக்கட்டு மைக்குக்கும் தோலுக்கும் நடுவே வரக்கூடாது. குத்தலாக இருந்தால் கழுத்துப் பக்கம் ஒரு அங்குலம் நகர்த்துங்கள். மந்தமாக இருந்தால் பிரிட்ஜ் பக்கம். ஐந்து சென்டிமீட்டருக்குள் போய்விட்டால் இவ்வகை மைக்குகள் அடிஒலியை ஊதிக் காட்டும். மெலிந்த பாஞ்சோவுக்கு அதுவே வரமாகவும் ஆகலாம், கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

தூரக் கணக்கு எளிது. தூரம் இரட்டிப்பானால் மைக்குக்கு வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 15 சென்டிமீட்டரில் நின்றவர் உற்சாகத்தில் 30க்குப் பின்வாங்கினால், சவுண்ட்காரர் அந்த 6 டெசிபலை ஏற்றுவார், அதோடு மானிட்டரின் சத்தமும் மைக்கில் 6 டெசிபல் ஏறும். கூவல் அங்கேதான் பிறக்கிறது. காலடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதன்மேல் நிற்பது, விலை உயர்ந்த மைக் வாங்குவதைவிட அதிகம் உதவும்.

மானிட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பது மைக்கின் வகையைப் பொறுத்தது. கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால்தான் காது மந்தம், அதனால் மானிட்டரை அதன் வாலுக்கு நேராக வைக்கலாம். சூப்பர்கார்டியாய்டு மைக் நேர் பின்னால் இருந்தும் கொஞ்சம் கேட்கும். அது கேட்காத இடம் முகத்திலிருந்து சுமார் 125 பாகை திரும்பிய இரு பக்கங்களும். இது தெரியாமல் மானிட்டரை நேர் பின்னால் வைத்துவிட்டு, மைக்கைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

நீங்கள் பாடவும் செய்தால் இரண்டு மைக் திறந்திருக்கும், ஒன்றின் ஒலி மற்றதில் ஒழுகும். பாஞ்சோ மைக் தோலிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருந்தால், பாட்டு மைக் அதிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இந்த ஒன்றுக்கு மூன்று கணக்கு ஒலிக்காரர்களின் பழைய வழக்கம். வேண்டாத மைக்கை மூடிவைப்பதும் லாபம்: திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும்.

ஒரே மைக்கைச் சுற்றிக் குழு முழுக்க நிற்கும் முறையும் இருக்கிறது. புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைவகையின் முன்னோடி பில் மன்றோவின் குழுவில் பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் சேர்ந்த காலத்தில் புளூகிராஸ் குழுக்கள் அப்படித்தான் வாசித்தன. தன் முறை வரும்போது பாஞ்சோக்காரர் முன்னே வருவார், முடிந்ததும் விலகுவார். பார்க்க அழகு, கேட்கவும் அழகு. ஆனால் மானிட்டர் கூடாது, டிரம்ஸ் கூடாது, குழுவுக்குள் ஒத்திகை நிறைய வேண்டும். முதல் மேடைக்கு வேண்டாம்.

நான்காம் படி: கிளிப் மைக்

கழுத்து வளைகிற ஒரு சின்னக் கண்டென்சரைப் பாஞ்சோவின் விளிம்பில், தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளில் கவ்வ வைப்பது. டிபிஏ 4099 இந்த வகையில் பலர் பயன்படுத்துவது, அது சூப்பர்கார்டியாய்டு. பெரிய லாபம் என்னவென்றால் நீங்கள் ஆடினாலும் திரும்பினாலும் தூரம் மாறாது. மைக் மிக அருகில் இருப்பதால் சவுண்ட்காரர் அதிகம் ஏற்றவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை சில. கிளிப்போ கேபிளோ தோலைத் தொடக்கூடாது. தொட்டால் ‘கிர்ர்’ என்று நடுங்கும், எங்கிருந்து வருகிறது என்று தேடியே சவுண்ட் செக் முடிந்துவிடும். கேபிளை ஒரு சுற்று தளர்வாக விட்டு வார்ப்பட்டையில் கட்டுங்கள், இழுபட்டால் அந்தச் சுற்றுதான் தாங்கும். திறந்த பாஞ்சோவில் சிலர் மைக்கை உள்ளேயே வைக்கிறார்கள். பக்கத்துச் சத்தம் குறையும், ஆனால் பெட்டிக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடும். ரெசனேட்டர் உள்ளவற்றில் இன்னும் மோசம். சத்தமான மேடை, பிக்கப் இல்லை என்ற கட்டாயத்தில் மட்டும் செய்யலாம்.

ஃபேன்டம் பவர் தேவைப்படும் எந்த மைக்கையும் சொருகுமுன் சவுண்ட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “அண்ணா, இது கண்டென்சர், ஃபேன்டம் பவர் வேணும். சொருகிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் சேனல் மியூட்லயே இருக்கட்டும்.” இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் ‘டமார்’ சத்தத்தோடுதான் அன்றைய உறவு தொடங்கும்.

ஐந்தாம் படி: பிக்கப்

இரண்டு குடும்பம் இருக்கிறது.

பீசோ என்பது அதிர்வை நேரடியாக மின்னழுத்தமாக மாற்றும் சின்ன வில்லை. தோலின் உட்பக்கம், பிரிட்ஜின் கால்களுக்கு நேர் கீழே ஒட்டுவார்கள். பிரிட்ஜிலேயே பொருத்துவதும் உண்டு. எந்தத் தந்திக்கும் வேலை செய்யும், எடை குறைவு, பொருத்துவது சுலபம். குறை என்னவென்றால், ஓங்கி வாசித்தால் ஒலியில் ஒரு வாத்துக் குரல் ஏறும். விரலைத் தோலில் ஊன்றி வாசிக்கும் பழக்கம் இருந்தால் அந்த உரசலும் சேர்ந்து கேட்கும்.

ஒட்டுமுன் பசைக்களிமண்ணில் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒலி வேறு. பிரிட்ஜின் முதல் தந்திப் பக்கக் காலுக்குக் கீழே ஒரு முறை, மற்றக் காலுக்குக் கீழே ஒரு முறை. இரண்டையும் கேட்ட பிறகுதான் நிரந்தரப் பசை. கேட்டுப் பார்ப்பது அறை ஸ்பீக்கரில் இருக்கட்டும், ஹெட்ஃபோனில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

காந்த பிக்கப் எலக்ட்ரிக் கிட்டாரில் இருப்பதன் உறவு. எஃகு அதன் காந்தப்புலத்தில் அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும். தந்தியையே நேராகப் பார்க்கும் வகைக்கு எஃகுத் தந்தி கட்டாயம், நைலானுக்கு ஊமை. பாஞ்சோவுக்கென்றே செய்த வகைகளில் ஒரு தந்திரம் உண்டு: பிரிட்ஜின் காலுக்குக் கீழே மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகுவார்கள், தோலுக்கு அடியில் உள்ளிருக்கும் கம்பித்தண்டில் பிக்கப்பைப் பூட்டுவார்கள். தகடு ஆடுவதைத் தோல் வழியாகவே காந்தம் ‘பார்க்கும்’. இதற்கு எந்தத் தந்தியும் சரி. காற்றின் சத்தத்தை நேராகக் கேட்காததால் மைக்கைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். திறந்த பாஞ்சோக்கள் சிலவற்றில் உலோகத் தண்டுக்குப் பதில் மரக்கோல் இருக்கும், வாங்குமுன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

தகடு பொருத்துவதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். பாஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டியிருப்பதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. முதலில் பிரிட்ஜின் கால்கள் நிற்கும் இடத்தைத் தோலில் பென்சிலால் மெல்லக் குறியுங்கள். ரெசனேட்டர் இருந்தால் அதைத் தாங்கும் திருகுகளைக் கையால் கழற்றி எடுங்கள். ஐந்து தந்தியையும் முழுக்க அவிழ்த்துவிடாதீர்கள். பிரிட்ஜை ஒரு பக்கம் தூக்க முடிகிற அளவுக்கு மட்டும் தளர்த்தி, தகட்டைக் காலுக்குக் கீழே செருகி, குறித்த இடத்திலேயே நிறுத்துங்கள். சுருதி சேர்த்தபின் முதல் தந்தியின் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக் ஒரு முறை, அதே இடத்தில் அழுத்தி ஒரு முறை. இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜைத் தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் பக்கம் இம்மி தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். ஐந்தாம் தந்திக்குப் பக்கத்தில் உள்ள நான்காம் தந்தியிலும் இதே சோதனை. பிறகு பிக்கப்பை அடியிலிருந்து தோலுக்கு அருகே கொண்டுவாருங்கள். தொடாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு. பிரிட்ஜ் பக்கத்தில் தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்போதும் பிக்கப்பில் இடிக்கக் கூடாது. விலங்குத் தோல் போட்ட பாஞ்சோவில் ஈரப்பதத்தால் தோல் தொய்யும், அங்கே இடைவெளியைக் கொஞ்சம் கூடவே விடுங்கள்.

பிரிட்ஜில் எதைச் சேர்த்தாலும் எடையை யோசியுங்கள். பாஞ்சோ பிரிட்ஜின் எடை ஏறத்தாழ 2 கிராம்தான். அதன்மேல் எடை ஏற ஏற ஒலி அடங்கும். பாஞ்சோ மியூட் என்று விற்கும் கவ்வியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஒலிபெருக்கி இல்லாமல் வீட்டில் வாசிக்கும்போது கருவி மங்கியதாகத் தோன்றினால் இதுதான் காரணம்.

ஆறாம் படி: நடுவில் ஒரு பெட்டி

பிக்கப் வாங்கினால் மட்டும் போதாது, செலவில் இந்தப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீசோவை நேராக மிக்ஸரில் சொருகினால் ஒலி சன்னமாக, உயிரில்லாமல் வரும். பீசோவுக்கும் மிக்ஸருக்கும் நடுவே, இன்புட்டின் மின்தடை குறைந்தது 1 மெகாஓம் உள்ள ப்ரீஆம்ப் (மெலிந்த ஒலியை மிக்ஸருக்குத் தயார்செய்யும் பெட்டி) இருக்க வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட்டில் பெரும்பாலும் அதில் மிகச் சிறிய பங்குதான் இருக்கும். பீசோ பிடிக்கவில்லை என்று கழற்றிப்போட்ட பலர், உண்மையில் ப்ரீஆம்ப் இல்லாத பீசோவைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ப்ரீஆம்புக்கு அப்புறம் டிஐ பெட்டி: கருவியின் ஒலியை நீண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளில் இரைச்சல் ஏறாமல் அனுப்பும் பெட்டி. பல ப்ரீஆம்புகளில் இது உள்ளேயே இருக்கும். பாஞ்சோவிலிருந்து ப்ரீஆம்ப் வரையான கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். விளம்பரத்தில் இருபது திருகு காட்டுவார்கள். நான் பார்ப்பது மூன்றுதான். சுருதி சேர்க்கும்போது மூட ஒரு மியூட், கூவும் இடத்தை மட்டும் வெட்ட ஒரு நாட்ச், அப்புறம் ஃபேஸ் (phase) என்று எழுதிய, ஒலியலையைத் தலைகீழாக்கும் சுவிட்ச். கூவ ஆரம்பித்தால் முதலில் அந்தச் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். ஒலி கெடாமல் பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. ‘ம்ம்’ என்று இரைந்தால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

ஏழாம் படி: சவுண்ட் செக்

எல்லோரும் செய்வது: சவுண்ட் செக்கில் கூச்சத்தோடு மெல்ல வாசிப்பது, நிகழ்ச்சியில் ஓங்கி வாசிப்பது. அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அன்றைக்கு வாசிக்கப்போவதில் மிகச் சத்தமான பகுதியை முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடுமுன் மைக்கை நகர்த்துங்கள். இடம் சரியானபின் கீழ் அலைவரிசைகளை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். நான்காம் தந்தியை சி வரை இறக்குகிறவராக இருந்தால் அந்தச் சுரம் 131 ஹெர்ட்ஸ், அப்போது வெட்டை 100க்கு இறக்கிக்கொள்ளுங்கள். காதைக் குத்தினால் 2,500க்கும் 4,000க்கும் இடையே கொஞ்சம், இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். அதற்குமேல் குறைத்தால் குத்தல் போகும், கூடவே பாஞ்சோவும் கூட்டத்தில் காணாமல் போகும்.

இப்போது கூவலைத் தேடுங்கள். பாஞ்சோவைத் தோளில் மாட்டி, நிற்கும் இடத்திலேயே நின்று, தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். சவுண்ட்காரர் மானிட்டரை மெல்ல ஏற்றட்டும். ஏதோ ஒரு சுரம் ‘ஊ’ என்று தலைதூக்கும். அந்த இடத்தில் மட்டும் குறுகலாக 3 முதல் 6 டெசிபல் வெட்டு. ஒன்று, இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலைந்து இடம் வெட்ட வேண்டியிருந்தால் மானிட்டர்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. எங்கே தேடுவது என்பதைத் தோலே சொல்லும்: தந்தியை மூடிக்கொண்டு தோலை விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். பலர் தோலை ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையே இறுக்கி வைப்பார்கள், அதாவது சுமார் 390 முதல் 415 ஹெர்ட்ஸ். உங்கள் தோல் எந்தச் சுரத்தில் ‘டொங்’ என்கிறதோ அந்தப் பக்கத்தில் முதலில் தேடுங்கள்.

மின்சாரம் வேண்டாத மருந்தும் ஒன்று உண்டு. ஒரு ஸ்பாஞ்சுத் துண்டையோ மடித்த துணியையோ கழுத்துப் பக்கமாக, உள்ளிருக்கும் தண்டுக்கும் தோலுக்கும் நடுவே லேசாகச் செருகுங்கள். எதிரொலிக்கும் மேற்சுரங்கள் அடங்கும், கூவலும் தள்ளிப்போகும். பிக்கப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமான மேடையில் இதைப் போடாமல் நான் ஏற மாட்டேன்.

மானிட்டரில் உங்கள் பாஞ்சோ உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? பெரும்பாலும் நினைப்பதில் பாதி. கருவி நெஞ்சுக்கு அருகிலேயே இருக்கிறது, பாடகரையும் தாளத்தையும் கேளுங்கள். ரெவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) துளி போதும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் வேண்டாம், ஒவ்வொரு சொடுக்கும் முளைத்துச் சட்டென்று மறைவதுதான் இந்தக் கருவியின் குணம், அதை அமுக்கினால் கீழே கிடக்கும் இரைச்சல்தான் மேலே வரும்.

மைக்கும் பிக்கப்பும் சேர்த்து?

சேர்க்கலாம். நன்றாகச் செய்தால் இதைவிடச் சிறந்தது இல்லை: மேடை மானிட்டருக்குப் பிக்கப், அரங்க ஸ்பீக்கருக்கு மைக். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கலந்தால்தான் சிக்கல். பிக்கப்பின் ஒலி உடனே வரும். 34 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு ஒலி போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட் ஆகும். இந்தச் சின்ன இடைவெளியில் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், பாஞ்சோ குழாய்க்குள் இருப்பது மாதிரி ஆகும். ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் பார்த்து, எது நிறைவாகக் கேட்கிறதோ அப்படி விடலாம். ஆனால் மிக்ஸரில் பொறுமையான ஆள் இருந்தால் மட்டும். தனியாகச் சமாளிக்கிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைக் கற்றுக்கொள்வதே மேல்.

வாங்குமுன்

முடிந்தால் இரவல் வாங்கி ஒரு ஒத்திகையாவது பாருங்கள், தனியறையில் அல்ல, முழுக் குழுவோடு. அப்போது ஒருவரை அரங்கின் நடுவில், கேட்பவர்கள் உட்காரும் இடத்தில் நிற்க வைத்துப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் கேட்பது மானிட்டரும் கருவியின் நேரடிச் சத்தமும் கலந்த ஒன்று, அதை வைத்து முடிவெடுக்க முடியாது. பதிவில் பாடகரின் சொற்கள் புரிகிறதா, பாஞ்சோவின் ஒவ்வொரு சுரமும் தனியாகப் பிரிகிறதா என்று இரண்டே விஷயம் கேளுங்கள். இரண்டும் சரி என்றால் அந்தச் சாமானை வாங்கலாம், அது மலிவானதாக இருந்தாலும்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ப்ரீஆம்புக்கு மாற்று 9 வோல்ட் பேட்டரி, ஒரு உபரி கேபிள், டேப், ஸ்பாஞ்சுத் துண்டு, பிரிட்ஜின் இடத்தைத் திரும்பக் குறிக்கப் பென்சில். பேட்டரியில் ஓடும் பெரும்பாலான பிக்கப்களிலும் ப்ரீஆம்புகளிலும் ஜாக்கைச் சொருகியதுமே பேட்டரி ஓட ஆரம்பிக்கும். இடைவேளையில் பாஞ்சோவை ஸ்டாண்டில் வைக்கும்போது சேனலை மியூட் செய்யச் சொல்லிவிட்டு ஜாக்கை உருவிவிடுங்கள்.